நிக்கட்டும் விடுங்க

மேல்முகாம்
மார்ச் 6

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கும் மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று சரக்கு லாரியில் ரேடியோ விடுப்பு முடிந்து திரும்பி வந்தான். அவனைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். பக்கத்துக் கட்டில்காரன், வாய் ஓயாதவன், அதனால்தான் அந்தப் பெயர். இந்த உயரத்தில் சிக்னல் கிடையாது. விடுப்பில் போய் வருகிற ஒவ்வொருவனும் ஒரு மாதத்து வீடியோக்களைக் கைப்பேசியில் நிரப்பிக்கொண்டு வருவான். நாங்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றுவிடாமல் பார்ப்போம். நேற்றும் அப்படித்தான் உட்கார்ந்தோம்.

பதினோரு நொடி வீடியோ ஒன்று. கூட்டமான பஸ். சீருடையில் ஒரு ராணுவத்துக்காரர் தோளில் பையோடு நிற்கிறார். ஒரு பெரிய மனிதர் அவர் தோளைப் பிடித்து இருக்கையில் உட்கார வைக்கப் பார்க்கிறார். ஒரு பெண் கண்டக்டர் பாய்ந்து வந்து அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டுக் கத்துகிறாள். "பட்டாளத்துக்காரர்னா என்ன இப்போ? கால் இருக்குல்ல? நிக்கட்டும் விடுங்க!" அதோடு முடிகிறது. கீழே லட்சக்கணக்கான பேர் திட்டித் தீர்த்திருக்கிறார்களாம்.

அந்தக் கண்டக்டர் நீ.

அறையில் பன்னிரண்டு பேர் இருந்தோம். "இந்தப் பொம்பளைய வேலைய விட்டுத் தூக்கணும்டா" என்றான் ரேடியோ. எல்லோரும் ஆமாம் போட்டார்கள்.

போன விடுப்பில் ரயிலில் வந்தேனே, சொன்னேன் அல்லவா? ஒரு குடும்பமே எழுந்து எனக்கு ஜன்னலோரம் கொடுத்தது. அவர்கள் வீட்டுப் பெண் குழந்தை என் தொப்பியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டது. வழி முழுக்க என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். இங்கே காற்று அடிக்கிற அடியில் உதடு வெடித்துக் கிடக்கும்போது நான் நினைத்துக்கொள்வது அந்த மாதிரி முகங்களைத்தான். ஊருக்குத் தெரிந்த அந்த மரியாதை என் சொந்த அக்காவுக்குத் தெரியவில்லை. உனக்கு ஒரு தம்பி பட்டாளத்தில் இருக்கிறான் என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லையா?

பதில் எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம்.

உன் தம்பி


வீடு
மார்ச் 16

டேய் தம்பி,

உன் கடிதம் வந்தது. அம்மா பக்கத்திலேயே நின்று, "என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டாள். "நல்லா இருக்கானாம், குளிர்தான் ஜாஸ்தியாம்" என்றேன். இரண்டும் உன் கடிதத்தில் இல்லை. என்னைப் பொய் சொல்ல வைத்ததற்கு முதலில் உன் தலையில் ஒரு குட்டு.

ரேடியோவின் ஆசை முக்கால்வாசி நிறைவேறிவிட்டது என்று அவனிடம் சொல். பிப்ரவரி இருபத்தாறிலிருந்து நான் சஸ்பெண்ட். டிக்கெட் மெஷினை டிப்போவில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். விசில் மட்டும் என் சொந்த விசில், அது சமையலறை ஆணியில் தொங்குகிறது. மெமோவில் மூன்று குற்றங்கள் எழுதியிருக்கிறார்கள். பயணியைக் கை ஓங்கி அடித்தது, ராணுவ வீரரைப் பலர் முன்னால் அவமதித்தது, நிர்வாகத்துக்குக் கெட்ட பெயர் தேடித் தந்தது. ஏப்ரல் பதினைந்தாம் தேதி விசாரணை. குற்றம் உறுதியானால் சஸ்பெண்ட் எல்லாம் இல்லை, ஒரேயடியாக வீட்டுக்குத்தான்.

பதினைந்து வருஷம், தம்பி. அந்தத் தடத்தில் முதல் பெண் கண்டக்டர் நான்தான். முதல் வாரம் "ஏம்மா, வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்று கேட்டவர்களெல்லாம் இன்றைக்கு என் பஸ் வரும்வரை முன்னால் வரும் பஸ்ஸை விட்டுவிட்டு நிற்பார்கள். இந்த வேலை போனால் எனக்குப் பெயரே இல்லை. யாராவது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று? எல்லோருக்கும் நான் கண்டக்டர் அக்காதான்.

நடந்தது இது. டிப்போவுக்கு அடுத்த நிறுத்தத்தில் அந்த மனிதர் ஏறினார். முழுச் சீருடை, பை ஒன்று. பஸ்ஸில் நிற்க இடமில்லை. பின்படிக்கட்டுப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். கடைவீதி ஜவுளிக்கடைக்காரர் பார்த்துவிட்டார். "என்னய்யா இது, நாட்டைக் காக்கிறவர் நிக்கிறாரு, நாம சொகுசா உட்கார்ந்திருக்கோம்! எந்திரிங்க யாராவது!" என்று குரல் கொடுத்தார். ஒரு வாத்தியார் எழுந்தார். "வேணாம் சார், நான் நிக்கிறேன்" என்றார் அவர். "அடடா, என்ன பணிவு!" என்று இன்னும் நான்கு பேர் எழுந்துவிட்டார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல இவர்களுக்கு வேகம் ஏறியது. ஒருவர் தோளிலிருந்து பையைப் பிடுங்கப் பார்த்தார், ஒருவர் கையைப் பிடித்து இழுத்தார், ஜவுளிக்கடைக்காரர் இரண்டு தோளையும் பிடித்து அழுத்தினார். பாதி உட்கார்ந்தேவிட்டார். அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். வெள்ளைத்தாள் மாதிரி ஆகியிருந்தது. எனக்கு என்ன வந்ததோ தெரியாது, பாய்ந்துவிட்டேன். வீடியோ அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

ஏன் பாய்ந்தேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். விசாரணையிலும் சொல்லப் போவதில்லை. ஒரு மனிதருக்கு வாக்கு கொடுத்திருக்கிறேன். ஆனால் நீயாகக் கண்டுபிடித்தால் அது நான் சொன்னதாகாது. அந்த வீடியோவை இன்னொரு தடவை பார். என்னைப் பார்க்காதே, என் மூஞ்சியை முப்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாய். அவருடைய பையைப் பார்.

உலகத்தில் வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் உனக்குப் புரிய வேண்டும். புரியவில்லை என்றால் இனி எனக்கு எழுதாதே.

அக்கா


மேல்முகாம்
மார்ச் 25

அக்கா,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

ரேடியோவிடம் கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். முதல் ஐந்து தடவை ஒன்றும் தெரியவில்லை. ஆறாவது தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பை கேமரா பக்கம் திரும்புகிறது. பக்கவாட்டில் வட்டமாக ஒரு புடைப்பு. சாப்பாட்டுத் தட்டு அளவு, நடுவில் பள்ளம்.

சிம்மாசனம்!

தலையில் அடித்துக்கொண்டேன் அக்கா. இரண்டு வருஷம் முன்னால் பாராசூட் பள்ளியில் காலை ஊன்றாமல் உட்கார்ந்தபடி விழுந்து, வால் எலும்பில் விரிசல் விட்டு வீட்டுக்கு வந்தேனே. மருத்துவ அறையில் அதற்கென்றே காற்றடைத்த வளைய மெத்தை ஒன்று வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கே அது ஒன்றுதான். யார் அப்படி விழுந்தாலும் கம்பவுண்டர் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதைக் கொடுப்பார், ஆறியதும் திருப்பித் தர வேண்டும். பையன்கள் அதற்கு வைத்த பெயர் சிம்மாசனம். அதைத் தூக்கிக்கொண்டு நடந்தால் பள்ளிக்கூடமே எழுந்து நின்று, "மகாராஜா வர்றாரு, பராக்!" என்று கத்தும். அந்த அவமானத்துக்கு எலும்பு முறிவே தேவலை.

ஒன்பது நாள் சமையலறை மேடையில் தட்டை வைத்து நின்றுகொண்டே சாப்பிட்டேன். அம்மாவிடம், "பட்டாளத்துல இப்படித்தான் பழக்கம்" என்று கதை விட்டேன். உனக்கு மட்டும்தான் உண்மை தெரியும். இன்றுவரை நீ யாரிடமும் சொன்னதில்லை. அந்த மெத்தையைத் துவைத்து உலர்த்தியவளே நீதான். பையைப் பார்த்ததும் உனக்குப் புரிந்துவிட்டது, முகத்தைப் பார்த்ததும் உறுதியாகிவிட்டது. விரிசல் விட்ட எலும்பின்மேல் ஒருவனை அழுத்தி உட்கார வைத்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தும் நான் எழுதிய கடிதத்தை நினைத்தால் கை கூசுகிறது.

அந்த ரயில் குடும்பத்தையும் யோசித்துப் பார்த்தேன். நல்லவர்கள்தான், சந்தேகமே இல்லை. ஆனால் நான் இரண்டு நாளாகத் தூங்காமல் இருந்தேன். எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது ஜன்னலோரம் இல்லை, மேல்படுக்கை. "எல்லையில என்ன நடந்துச்சு, சொல்லுங்க சொல்லுங்க" என்று ஏழு மணி நேரம் தூங்க விடவில்லை. நானும் சிரித்துக்கொண்டே கதை சொன்னேன். உன்னிடம் மரியாதையை மட்டும் சொன்னேன், தூக்கத்தைச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று வீடியோ பார்த்தபோது ரேடியோ, "உங்க ஊர் பஸ் மாதிரி இருக்கே, இந்தப் பொம்பளைய உனக்குத் தெரியுமா?" என்று கேட்டான். "தெரியாது" என்றேன்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்குத் தகுதி இல்லை. கம்பவுண்டருக்கு இதே லாரியில் கடிதம் அனுப்புகிறேன். நோட்டைப் பார்த்தால் அவர் யாரென்று தெரிந்துவிடும். அவர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒருவேளை வராவிட்டால் நீயாவது சொல்லிவிடு அக்கா. வாக்கைவிட வேலை பெரிது.

தம்பி


வீடு
ஏப்ரல் 3

தம்பி,

கண்டுபிடித்துவிட்டாய். உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன், கொஞ்சம் அழுதேன். அம்மா, "குளிர் குறைஞ்சிடுச்சாமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"தெரியாது" என்று சொன்னாயே, அது எனக்கு மெமோவைவிட வலித்தது. மறைத்து என்ன பயன்? வலித்தது. அதற்கு மேல் அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அதை நீதான் சரி செய்ய வேண்டும், எப்போது என்பதும் உன் பாடு.

வீடியோ முடிந்த பிறகு நடந்ததை இப்போது எழுதலாம். அவரைப் பின்படிக்கட்டு மூலைக்கு அழைத்துப்போய், நானே குறுக்கே அரண் மாதிரி நின்றுகொண்டேன். ஜவுளிக்கடைக்காரர் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார். பட்டாளத்துக்காரர் மெதுவாக, "எப்படிக்கா தெரிஞ்சுது?" என்று கேட்டார். "என் தம்பியும் ஒன்பது நாள் நின்னுக்கிட்டே சாப்பிட்டான்" என்றேன். சிரிக்கப் பார்த்தார், வலியில் முடியவில்லை. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா, என் பொழைப்பே சிரிப்பா சிரிச்சுடும்" என்றார். "என் வாயிலேர்ந்து வராது" என்று சொன்னேன். மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார். இந்த வீடியோ கூத்து எதுவும் அவருக்குத் தெரிந்திருக்காது.

ஆகவே நான் சொல்ல மாட்டேன். வாக்கைவிட வேலை பெரிது என்று எழுதியிருக்கிறாய். உன் விஷயத்தில் நான் அப்படி நினைத்திருந்தால் இந்நேரம் நம் தெரு முழுக்க உனக்குப் பராக் சொல்லியிருக்கும்.

அவரை நீ கட்டாயப்படுத்தவும் கூடாது. நாற்பது பேர் சேர்ந்து அவரைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார்கள். இப்போது நீ பிடித்து இழுத்து வந்து நிறுத்தினால் அதுவும் அதே கதைதான். கேள். வருகிறீர்களா என்று கேட்டு, பதிலை அவரிடமே விட்டுவிடு.

நான்கு வருஷம் முன்னால் ஒரு சின்ன வயசு சிப்பாய் ஏறினான். பஸ்ஸே கைதட்டியது. அவனும் கும்பிட்டுச் சிரித்தான். டிக்கெட் கொடுக்கும்போது எங்கே என்று கேட்டேன். "அப்பா காலமாயிட்டாருக்கா, காரியத்துக்குப் போறேன்" என்றான். சிரித்த முகம் மாறவே இல்லை. பின்னால் இருந்து ஒருவர் அவனோடு செல்பி எடுக்கக் கூப்பிட்டார். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. அது என் மனதில் முள்ளாகக் கிடந்தது. அதையும் சேர்த்துத்தான் இந்தத் தடவை கத்தினேன் போலிருக்கிறது.

டிரைவர் அண்ணன் மட்டும் தினமும் வீட்டுப் பக்கம் வந்து, "நீ இல்லாம வண்டி நகர மாட்டேங்குது, புதுசா வந்தவன் விசில் ஊதறதுக்குள்ள எனக்கு வயசாயிடுது" என்று சொல்லிவிட்டுப் போகிறார். மற்றவர்கள் தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறார்கள். பதினைந்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

அக்கா


மேல்முகாம்
ஏப்ரல் 9

அக்கா,

லாரி கிளம்பப் போகிறது, அவசரமாக எழுதுகிறேன். இது பதினைந்துக்குள் உன் கையில் கிடைக்க வேண்டும்.

கம்பவுண்டர் பதில் போட்டுவிட்டார். நோட்டில் பிப்ரவரி பதினெட்டாம் தேதி சிம்மாசனம் போயிருக்கிறது, இன்னும் திரும்பவில்லை. வாங்கியவர் யார் தெரியுமா? மாணவன் இல்லை. குதிக்கக் கற்றுக்கொடுக்கிற ஆசிரியர்! முந்நூறு தடவைக்கு மேல் குதித்தவர். எனக்கே அவர்தான் கற்றுக்கொடுத்தார். "காலைச் சேர்த்து வை, முட்டியை மடக்கு, உட்கார்ந்து விழுந்தா உன்னை மகாராஜாவாக்கிடுவேன்" என்று தினமும் எங்களைத் திட்டியவர். தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்ததால் வீடியோவில் அடையாளம் தெரியவில்லை. அவர் அப்படி விழுந்தார் என்று தெரிந்தால் பள்ளியில் தலைகாட்ட முடியுமா? அதனால்தான் உன்னிடம் கெஞ்சியிருக்கிறார். கம்பவுண்டரும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்.

விடுப்பு முடிந்து நேராகக் காட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டாராம். வீடியோவை அவர் பார்க்கவே இல்லை. அவர் பள்ளிக்குத் திரும்பியதும் கம்பவுண்டர் என் கடிதத்தைக் கையில் கொடுத்தாராம். படித்தாராம், மடித்துப் பையில் வைத்தாராம், அப்படியே நடந்து போய்விட்டாராம். நீ சொன்னபடி நான் தனியாக அவருக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன். விசாரணை தேதியும் இடமும் எழுதி, வர முடியுமா என்று கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். அவர் வருவார் என்று என்னால் சொல்ல முடியாது.

நேற்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் ரேடியோ புதிதாக வந்தவர்களுக்கு அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினான். நான் எழுந்து நின்று, "நிறுத்துடா" என்றேன். "அது என் அக்கா."

"அன்னைக்குத் தெரியாதுன்னு சொன்ன?" என்றான் ரேடியோ. "அன்னைக்கு அவளை நினைச்சு வெட்கப்பட்டேன். இன்னைக்கு என்னை நினைச்சு வெட்கப்படறேன்" என்றேன். ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டார்கள். காரணம் இருக்கு, சொல்ல முடியாது என்றேன். ஒருவனும் நம்பவில்லை. நேற்றிலிருந்து யாரும் என்னோடு பேசுவதில்லை. ரேடியோ வாயை மூடிக்கொண்டிருப்பதை இந்த முகாம் முதல் தடவையாகப் பார்க்கிறது.

ஆனால் நேற்று நன்றாகத் தூங்கினேன். லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.

உன் தம்பி


வீடு
ஏப்ரல் 16

என் தங்கத் தம்பி,

உட்கார், நின்றுகொண்டு படிக்காதே. நீளமான கடிதம்.

உன் கடிதம் பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் வந்தது. "அது என் அக்கா" என்ற வரியை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. பதினைந்தாம் தேதி காலையில் சேலை கட்டும்போதே நான் பாதி ஜெயித்துவிட்ட மாதிரிதான் இருந்தது. மீதி போனால் போகட்டும் என்று டிப்போவுக்குக் கிளம்பினேன்.

விசாரணை மாடி அறையில். நீளமான மேசை, அதன் பின்னால் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த விசாரணை அதிகாரி, பக்கத்தில் டிப்போ மேனேஜர், டைப் அடிக்க ஒரு கிளார்க். எதிரே புகார் கொடுத்த ஜவுளிக்கடைக்காரர். எனக்கு ஸ்டூல் போட்டிருந்தார்கள். முதலில் வீடியோவைப் போட்டார்கள். பிறகு அதிகாரி கேட்டார், "இதைப் பேசினது நீங்கதானே?" "நான்தான் சார்." "என்ன காரணம்?" "காரணம் இருக்கு சார், சொல்ல முடியாது." மேனேஜர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "பார்த்தீங்களா சார் திமிரை!" என்றார். அதிகாரி பேனாவைத் திறந்து, "அப்போ உங்க தரப்புல சொல்றதுக்கு எதுவும் இல்லைன்னு எழுதிக்கலாமா?" என்று கேட்டார். எழுதிக்கோங்க சார் என்று சொல்ல வாய் எடுத்தேன்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

முழுச் சீருடை, அதே பை. பஸ்ஸில் தொப்பி பாதி மறைத்திருந்த முகம் இப்போது முழுதாகத் தெரிந்தது. காதோரம் நரை. அதிகாரி மரியாதைக்கு எழுந்தே நின்றுவிட்டார். "வாங்க வாங்க, உட்காருங்க!" மேனேஜர் தன் நாற்காலியையே தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஜவுளிக்கடைக்காரர் கைக்குட்டையை எடுத்து அதைத் துடைத்தார். "உட்காருங்க சார், பயணத்துல வந்திருப்பீங்க, முதல்ல உட்காருங்க." நான்கு பேரும் சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். டைப் அடிக்கிற பெண்கூட எழுந்து மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், சிரித்துவிடுவேனோ என்று பயம்.

"என்னால உட்கார முடியாது சார். அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்" என்றார்.

பையைத் திறந்தார். சிம்மாசனத்தை எடுத்து, என் பைலுக்கு மேலேயே வைத்தார். மேனேஜர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். பிறகு உன் ஆசிரியர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார், தம்பி. எங்கே விரிசல் என்பது வரைக்கும் சொன்னார். "நான் எப்படி விழணும்னு கத்துக்கொடுக்கிறவன் சார். பன்னிரண்டு வருஷமா அதான் வேலை. அன்னைக்கு நானே உட்கார்ந்தபடி விழுந்தேன். வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்னு இந்த அக்காகிட்ட வாக்கு வாங்கினேன். அந்த வாக்குக்காக இவங்க வேலையே போகப் போகுதுன்னு போன வாரம்தான் தெரிஞ்சுது. என் மானம் அவ்வளவு ஒண்ணும் உசத்தி இல்ல சார்."

ஜவுளிக்கடைக்காரரை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் சொன்னார்.

"அன்னைக்கு பஸ்ல எல்லாரும் என்மேல பிரியமாத்தான் இருந்தாங்க. பொய் சொல்லக் கூடாது. ஆனா ஒருத்தர்கூட என் முகத்தைப் பார்க்கல, சட்டையைத்தான் பார்த்தாங்க. இவங்க முகத்தைப் பார்த்தாங்க. இவங்க என்னை அவமதிச்சதா எழுதியிருக்கீங்களே, அந்த பஸ்ல எனக்கு மரியாதை கொடுத்தது இவங்க ஒருத்தர்தான்."

ஜவுளிக்கடைக்காரர் கைக்குட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி? நாங்க என்ன ராட்சசங்களா?" என்றார்.

"யூனிபார்ம்ல இருந்தேனேய்யா. வலிக்குதுன்னு எப்படிச் சொல்றது?"

ஜவுளிக்கடைக்காரர் மறுபடியும் கேட்டார், "அழுத்தினப்போ ரொம்ப வலிச்சுதா?" "பட்டப்பகல்ல நட்சத்திரம் தெரிஞ்சுதுங்கய்யா." முதலில் டைப் அடிக்கிற பெண் சிரித்தாள். பிறகு அதிகாரி. பிறகு மேனேஜர், வேறு வழியில்லாமல். ஜவுளிக்கடைக்காரர் சிரித்தாரா அழுதாரா என்று சொல்லத் தெரியவில்லை, கைக்குட்டை முகத்துக்குப் போய்விட்டது. நான் எழுந்து, "உங்க கையைத் தட்டினது தப்புதான், மன்னிச்சுக்கோங்க" என்றேன். "இன்னும் நாலு போட்டிருக்கணும்மா" என்று சொல்லிவிட்டு, புகாரை வாபஸ் வாங்க வெள்ளைத்தாள் கேட்டார்.

உத்தரவு எழுத்தில் வர ஒரு வாரம் ஆகும் என்றார் அதிகாரி. ஆனால் படியிறங்கும்போது, "விசிலைத் துடைச்சு வைங்கம்மா" என்று மெதுவாகச் சொன்னார்.

கீழே டிரைவர் அண்ணன் பஸ்ஸைக் குறுக்கே நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. டிப்போவே வெளியே வந்துவிட்டது. உன் ஆசிரியரிடம், "பள்ளிக்கூடத்துல சிரிப்பாங்களே, என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். "சிரிக்கட்டும்க்கா. நாளைக்கு வகுப்புல நானே சொல்லப் போறேன், எப்படி விழக் கூடாதுன்னு காட்ட இதைவிட நல்ல பாடம் ஏது?" என்றார். வீட்டுக்கு அழைத்துவந்தேன். சமையலறை மேடையில் தட்டை வைத்தேன், அவர் நின்றுகொண்டே சாப்பிட்டார், நானும் கூடவே நின்று சாப்பிட்டேன். அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பட்டாளத்துல இப்படித்தான் பழக்கம்" என்று அவளே எனக்கு விளக்கம் சொன்னாள்.

உன் ரகசியம் இன்னும் பத்திரமாகத்தான் இருக்கிறது.

கண்டக்டர் அக்கா


மேல்முகாம்
ஏப்ரல் 24

அக்கா!

உன் கடிதத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலிமேல் ஏறி நின்று சத்தமாகப் படித்தேன். யாரும் படிக்கச் சொல்லவில்லை, நானாகத்தான் ஏறினேன். கதவு தட்டும் இடம் வந்தபோது சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். சிம்மாசனம் மேசைமேல் ஏறிய இடத்தில் மேசைகளைக் குத்த ஆரம்பித்தார்கள். "மரியாதை கொடுத்தது இவங்க ஒருத்தர்தான்" என்று படித்ததும் எனக்குக் குரல் போய்விட்டது. மீதியை ரேடியோ வாங்கிப் படித்தான். அவன் குரல் ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது இதுதான் முதல் தடவை.

படித்து முடித்ததும் என் முன்னால் வந்து நின்றான். "உங்க அக்காவைப் பத்தி நான் சொன்னதுக்கு ஒரு அறை விடு" என்றான். விட்டேன், லேசாகத்தான். பிறகு எல்லோருக்கும் முன்னால் கைப்பேசியை எடுத்து அந்தப் பதினோரு நொடியை அழித்தான். வேண்டாம்டா, இருக்கட்டும், இப்போது அதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கிறது என்று நான் கத்துவதற்குள் அழித்துவிட்டான். அவசரக்குடுக்கை.

ஒன்று மட்டும் உனக்கே தெரியாமல் நடந்துவிட்டது. கடிதத்தின் கடைசி வரியையும் ரேடியோ வாசித்துத் தொலைத்துவிட்டான். "என்ன ரகசியம், என்ன ரகசியம்" என்று பிடித்துக்கொண்டார்கள். சரி போ என்று நானே ஒன்பது நாள் கதையைச் சொல்லிவிட்டேன். நேற்றிலிருந்து நான் கூடத்துக்குள் நுழைந்தால் நாற்பது பேர் எழுந்து நின்று பராக் சொல்கிறார்கள். சொல்லட்டும் அக்கா. கும்பிட்டுக்கொண்டே போய் உட்காருகிறேன்.

விடுப்பு ஜூனில். உத்தரவு வந்ததும் எழுது.

உன் தம்பி, உன் தம்பி, உன் தம்பி


வீடு
மே 2

தம்பி,

உத்தரவு வந்துவிட்டது. மூன்று குற்றமும் தள்ளுபடி. சஸ்பெண்ட் காலம் பணிக்காலமாகவே கருதப்படும் என்று எழுதி முத்திரை குத்தியிருக்கிறார்கள். நேற்று முதல் டிரிப் நான்தான். டிரைவர் அண்ணன் வண்டியைக் கழுவி, கண்ணாடியெல்லாம் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார். நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆட்கள் படியில் ஏறும்போதே, "வந்துட்டியாம்மா!" என்று கையைப் பிடித்தார்கள். எதிர்ப்பக்கம் போனவர்கள்தான் முதலில் பிடித்தார்கள். நானும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன்.

கடைவீதியில் ஜவுளிக்கடைக்காரர் ஏறினார். என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நடு இருக்கையில் உட்கார்ந்தார். அடுத்த நிறுத்தத்தில் ஒரு சிப்பாய் ஏறினாள். ஆமாம், பெண்பிள்ளை. இருபத்திரண்டு வயதுதான் இருக்கும், தூசி படிந்த பூட்ஸ், முதுகில் அவளைவிடப் பெரிய மூட்டை. பஸ் முழுக்க ஒரு சலசலப்பு. பாதிப் பேர் எழுந்திருக்கத் தயாராகிவிட்டார்கள், பாதிப் பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

ஜவுளிக்கடைக்காரர்தான் தொண்டையைச் செருமினார். எழுந்திருக்கவில்லை, கையையும் நீட்டவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"ஏம்மா, உட்கார்றியா, நிக்கிறியா? உனக்கு எது சௌகரியம்?"

அவள் ஒரு கணம் திகைத்துப் போனாள். இதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

"உட்காரணுங்கய்யா. கால் விட்டுப்போச்சு" என்றாள்.

அவர் எழுந்து இடம் விட்டார். அவள் உட்கார்ந்து, மூட்டையை மடியில் வைத்து, அடுத்த நிமிஷமே அதன்மேல் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். வண்டி முழுக்க அத்தனை பேர் இருந்தும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கே இறங்க வேண்டும் என்று முன்பே கேட்டு வைத்திருந்தேன், நிறுத்தம் வந்ததும் நான் எழுப்பிவிட்டேன்.

அக்கா